மார்பிள் அல்லாத அம்மன்

ஒரு கல் மார்பிளா இல்லையா என்பதற்காக நான் தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் வாங்கியிருக்கிறேன். அம்மனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். இத்தனையும் ஒரே வெள்ளிக்கிழமையில் நடந்தது. யாராவது கேட்டால் இதை என்னால் உட்கார்ந்து சொல்ல முடியாது, எழுந்து கூடத்தில் நடந்துகொண்டேதான் சொல்ல வரும். எழுதுவதால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது இன்னும் புரியவில்லை. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில் பிறந்த பெண் என்றால் தறியில் உட்கார வேண்டும், இல்லையென்றால் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்ட வேண்டும். நானோ தினமும் காலையில் பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறேன். அங்கே கன்டெய்னர்கள் வந்து இறங்கும் கிடங்குக்கு எதிரில், ஒரு மாடியில், சின்னதாக ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பொருளுக்கும் சுங்கவரிப் பட்டியலில் ஓர் எண் உண்டு. வந்த பொருள் எந்த எண்ணில் அடங்கும் என்று கண்டுபிடித்து, எழுதிக் கொடுத்து, அதிகாரி சந்தேகப்பட்டால் நிரூபிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். விடட்டும். எனக்கு இதில் வருகிற குஷி வேறு எதிலும் வந்ததில்லை. உயிருள்ள குதிரைக்கு அந்தப் பட்டியலில் ஓர் இடம், பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு ஓர் இடம், கிழிந்த கந்தலுக்கும் ஓர் இடம். கல்லுக்கோ இரண்டு வீடு. மலையிலிருந்து வெட்டியெடுத்த வெறும் பாளம் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் இருக்கும். அதையே ஒரு பக்கம் பாலிஷ் போட்டுவிட்டால் அறுபத்தெட்டாம் அத்தியாயத்துக்குக் குடிபோய்விடும். கல் அதே கல்தான், மனுஷன் கை பட்டதும் முகவரி மாறிவிடுகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று சந்தோஷம் தாங்காமல் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஏனாத்தூர் காலேஜ் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

தேர்வெழுதி, கையெழுத்துப் போடும் உரிமை தருகிற அட்டையை நான் வாங்கிய வருடம் அது. அதற்கு முன்னால் தட்டச்சு செய்வதும் ஃபைல் தூக்குவதும்தான். அட்டை வந்த பிறகு முழுக்க என் பொறுப்பில் வந்த முதல் சரக்கு ஒரு கன்டெய்னர் கல். வாலாஜாபாத் பக்கம் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் தரைக்கென்று வரவழைத்தது. நல்ல கரும்பச்சை, ஒரு முகம் மட்டும் கண்ணாடி போலப் பாலிஷ்.

விழுந்து விழுந்து படித்தேன். அது செர்பென்டைன் என்கிற வகைக் கல். கடைக்காரர்கள் எல்லோரும் அதைப் பச்சை மார்பிள் என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் மார்பிள் என்பது சுண்ணாம்பு வகைக் கல், இது அந்தக் குடும்பமே இல்லை. இதைச் சிலர் மார்பிள் என்பார்கள், நீங்கள் மார்பிளில் சேர்க்காதீர்கள் என்று பட்டியலின் விளக்கக் குறிப்பே சொல்லியிருக்கிறது. அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மார்பிள் என்ற வரியில் எழுதாமல், கல் வகைகளின் கடைசியில் இருக்கிற வரியில் எழுதி, கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

அதிகாரி நிறுத்திவிட்டார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கு அதுதான் பயம். விற்றவர் அனுப்பிய பில்லைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அதில் பச்சை மார்பிள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"வித்தவன் மார்பிள்ங்கிறான். வாங்கினவரு மார்பிள்னுதான் ஆர்டர் போட்டிருக்காரு. நீங்க ஒருத்தர் மட்டும் இல்லைங்கிறீங்க. நான் யாரைம்மா நம்பறது?"

"சார், அது வியாபாரத்துக்கு வெச்ச பேரு. கல்லு வேற."

"வெள்ளிக்கிழமை மதியம் விசாரணைக்கு வாங்க. பாத்துக்கலாம்."

மார்பிளுக்குச் சுங்கவரி அதிகம், கட்டுப்பாடும் உண்டு. மார்பிளை மறைப்பதற்காகப் பட்டியலில் வேறு வரியில் எழுதினார்கள் என்று முடிவானால், பொய்யாக எழுதியதாக வழக்கு வரும். என் முதலாளி நல்லவர்தான், ஆனால் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாது.

"இதப் பாரும்மா, கையெழுத்து உன்னுது. மார்பிள்னு ஆச்சுன்னா அந்த அட்டைய மறந்துடு. மறுபடியும் டைப் அடிக்கப் போயிடு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வியாழக்கிழமை சாயங்காலம் மண்டபக்காரர் ஒரு கல் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆர்டர் போடுவதற்கு முன்னால் விற்பவர் பார்சலில் அனுப்பிய மாதிரித் துண்டு. ஒரு முழ உயரம் இருக்கும். வரும் வழியில் மேல்முனை உடைந்து, இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் கூம்பியிருந்தது. விசாரணையில் காட்டலாம் என்று கட்டைப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

மார்பிளா இல்லையா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பாலிஷ் போட்ட மார்பிள்மேல் புளிப்பு பட்டால் அந்த இடம் செத்துப்போகும், பளபளப்பு போய் வெள்ளையாக மங்கிவிடும். இந்தக் கல் அப்படி மங்காது என்று புத்தகம் சொல்கிறது. வீட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கலாம், ஆனால் தைரியம் வரவில்லை. மங்கிவிட்டால்? படித்ததெல்லாம் தப்பு, கையெழுத்து தப்பு, அட்டை போச்சு. காலையில் ஆபீசுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழ் வீட்டில் இரண்டு தறி வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். எனக்கு உடன்பிறந்த அக்கா இல்லை, அந்தக் குறையைத் தீர்க்க ஆண்டவன் தேவைக்கு மேலேயே அனுப்பிய அக்கா. அன்றைக்கு மாடிப்படியைப் பார்த்ததும் எனக்கு மலைப்பாக இருந்தது. கல்லைப் பையிலிருந்து எடுத்து, வாசல் வேப்பமரத்தடியில், பாலிஷ் முகம் தெருவைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர் காஞ்சிபுரம். மாதம் ஆடி. விடிந்தால் வெள்ளிக்கிழமை. வேப்பமரத்தடியில், முந்தின நாள் வரை இல்லாத ஒரு பச்சைக் கல், தலை கூம்பி, நிமிர்ந்து, பளபளவென்று நிற்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கே புரிந்திருக்கும். எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

காலையில் சாம்பிராணி வாசனையில்தான் விழித்தேன். ஆடி வெள்ளி, யார் வீட்டிலோ பூஜை என்று நினைத்தபடி பைக்குள் ஃபைலை வைத்துக்கொண்டு கீழே இறங்கினால், வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் கூட்டம். பக்கத்துத் தெருவிலிருந்துகூட வந்திருந்தார்கள். தறிக்கான பாவு நூலைத் தெருவில் விரிக்க வந்தவர்கள் கழியைச் சுவரில் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். என் மாதிரித் துண்டுக்கு நெற்றி நிறைய மஞ்சள், நடுவில் குங்குமம், தலைக்குமேல் வேப்பிலைக் கொத்து, கழுத்தில் அரளி மாலை. கழுத்து எது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் மாலை போட்ட பிறகு அது கழுத்தாகத்தான் இருந்தது.

அக்கா கற்பூரத்தட்டோடு திரும்பினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"பாத்தியாம்மா? பச்சையம்மா வந்துட்டா! விடிகாலைல கோலம் போடலாம்னு வந்தா, இங்க உக்காந்துக்கினு என்னியே பாக்குறா!"

நான் எத்தனையோ இரவுகள் குறிப்புகளைப் புரட்டி, இதுவா அதுவா என்று குழம்பி, பயந்து பயந்து செய்த வகைப்பாட்டை என் தெரு விடிவதற்குள் செய்து முடித்திருந்தது. பச்சையாக இருக்கிறாள், ஆகவே பச்சையம்மன். அதற்குமேல் விசாரணை கிடையாது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அக்கா, அது என்னுது. ஆபீஸ் கல்லு. மதியம் எடுத்துக்கினு போவணும்."

"உன்னுதா? உன் கையால வந்தான்னு சொல்லு. குடுத்து வெச்சவம்மா நீ!"

"ஐயோ அக்கா, கல்லு அழுக்காகிடக் கூடாது. அது மேல இன்னா இன்னா ஊத்தினீங்க?"

"அழுக்கா? நல்லா கேட்ட போ. எலுமிச்ச மூடியால அழுந்தத் தேச்சி, அந்தச் சாறு ஊற வுட்டு, அப்புறம் தயிரு, பாலு, மஞ்சத்தண்ணி. கோயில்ல கூட இவ்ளோ பண்ண மாட்டாங்க. தேச்ச மூடி அதோ கிடக்குது பாரு."

எலுமிச்சை மூடி. நேற்று ஒரு சொட்டு விடவே பயந்தேன். இங்கே மேலிருந்து கீழ்வரை தேய்த்து ஊறவிட்டு, தயிரையும் ஊற்றியிருக்கிறார்கள். கல் மார்பிளாக இருந்தால் இந்நேரம் அந்த முகம் முழுக்கச் சாணைக்கல் மாதிரி மங்கியிருக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மண்டியிட்டு, அரளி மாலையைத் தூக்கிவிட்டு, துப்பட்டாவால் துடைத்துப் பார்த்தேன்.

கல்லுக்குள் என் முகம் தெரிந்தது. கண் மை கலைந்திருந்ததுகூடத் தெரிந்தது. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், ஓரத்தில் பார்த்தேன். அத்தனையும் கண்ணாடி. குறுக்கே ஓடிய ஒரு வெள்ளை இழை மட்டும், ஜரிகை நூல் அளவுதான் இருக்கும், விரலால் தடவினால் சொரசொரத்தது. அந்த இழையில் சுண்ணாம்பு இருந்திருக்கிறது, அதைப் புளிப்பு அரித்துவிட்டது. இன்னொரு முறை துடைத்துப் பார்த்தேன். ஆனால் பச்சை உடம்பு முழுக்க ஒரு மாசு இல்லை. நான் படித்தது சரி! என் கையெழுத்து சரி!

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"அரிக்கல! அரிக்கவே இல்ல! மார்பிள் இல்ல! மார்பிளே இல்ல!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வீலென்று கிளம்பியது. "ஆத்தா வந்துட்டாடீ!" உடனே குலவை. நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குதித்துக்கொண்டிருந்தேன், அது உண்மைதான். அந்தச் சந்தோஷத்தில் யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு என் தலையில் கவிழ்த்தார்கள். ஆபீசுக்கென்று இஸ்திரி போட்ட சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஃபைல் இருந்த பையை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தாயே, இன்னா வோணும் சொல்லு! மார்பிள்ல கோயில் கட்டணுமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கும்பிட்டாள்.

"யம்மா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு!" என்றேன்.

சாமி வந்தவள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னதை எங்கள் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. குலவை பாதியில் நின்றது. அக்கா மட்டும் என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்து, "அடிப் பாவி, நீதானா?" என்றார்.

ஈரம் சொட்டச் சொட்ட அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதியம் விசாரணை, இந்தக் கல்லைக் காட்டினால்தான் என் பேச்சை அதிகாரி காதில் வாங்குவார், இல்லையென்றால் என் அட்டை போய்விடும், பழையபடி டைப் அடிக்கப் போக வேண்டும் என்று சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். நான் தேர்வுக்குப் படித்த நாட்களில் தறிச்சத்தம் தொந்தரவாக இருக்குமோ என்று மாடிக்கு வந்து கேட்டுப் போனவர் அவர். ஆனால் கல்லை எடுக்கக் கை நீட்டியதும் குறுக்கே வந்து நின்றார்.

"அபிசேகம் பண்ணி, பொட்டு வெச்சி, வெளக்கேத்தின அம்மன கட்டப்பைல போட்டுக்கினு போவியா? கேக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

கூட்டமும் அதையேதான் சொன்னது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. நான் பிறந்தது முதல் வாரம் தவறாமல் பார்த்த காட்சி அது. இந்த ஊரில் சாமி கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதில்லை. மாலையானால் ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு சாமி வெளியே வந்துகொண்டிருக்கும். சாமி ஏன் வெளியே போகிறது என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எப்போது திரும்பும் என்றுதான் கேட்பார்கள்.

"அக்கா, புறப்பாடு! ஆடி வெள்ளில அம்மன் புறப்பாடு போவக் கூடாதா? ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய்ட்டு, வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவா."

அக்கா யோசித்தார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் குற்றம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

"தனியா அனுப்ப மாட்டேன்," என்றார் அக்கா கடைசியில். "நானும் வர்றேன். குடை புடிக்க ஆளு வோணும் இல்ல?"

அப்படித்தான் புறப்பட்டோம். நான் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அக்கா தன் கூரைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மனுக்குச் சுற்றிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மன், நடுவில் அக்கா, கடைசியில் நான். கண்டக்டர் மூட்டையைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் என்று ஆரம்பித்தார். அக்கா புடவையை லேசாக விலக்கிக் காட்டினார். கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்த ஏனாத்தூர் பெண்ணும் பஸ்ஸில் இருந்தாள். அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குங்குமம் கிடைக்குமா என்று கேட்டாள். அறுபத்தெட்டாம் அத்தியாயம் என்று சொன்ன கல் இதுதான் என்றேன். அவள் நம்பவில்லை.

முதலாளி எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எனக்காக எழுந்தாரா, அம்மனுக்காக எழுந்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கிடங்குக்குள் போக அக்காவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அதிகாரியின் மேசைமேல் கல்லை வைத்துப் புடவையைப் பிரித்தோம். அவர் மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் ஏதோ செய்தார். செருப்பைக் கழற்றுகிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"என்னம்மா இது?"

"மாதிரித் துண்டு சார். காலைல ஒரு சோதனை நடந்துபோச்சு." மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சை, தயிர், மங்காத முகம். அந்த வெள்ளை இழையையும் நானே விரல் வைத்துக் காட்டினேன். ஒளித்து வைத்து ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை. எங்கள் ஊரில் ஜரிகையை யாரும் பெயரை நம்பி வாங்குவதில்லை, கல்லில் உரசி ஆசிட் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள், பில்லில் எழுதியிருக்கிற பெயரை மட்டும் நீங்கள் ஏன் நம்புகிறீர்கள் சார் என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து சின்னதாக ஒரு ஆசிட் பாட்டிலை எடுத்தார். அக்கா பாய்ந்துவிட்டார்.

"இன்னா சார் பண்றீங்க? அம்மன் மேல ஆசிட்டா?"

பாட்டில் அந்தரத்தில் நின்றது. அவர் அம்மனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பாட்டிலை மூடினார். "இந்தக் கல்லு நாங்க எடுத்த சாம்பிள் இல்ல. இத வெச்சு நான் எதுவும் எழுத முடியாது," என்றார். நான் ஃபைலைத் திறந்து விளக்கக் குறிப்பைத் தேட ஆரம்பித்தேன். அவர் தொடர்ந்தார். "வாங்க, கன்டெய்னரையே திறந்துடலாம்."

ஓடாத குறையாகப் போனேன். அக்கா அம்மனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். சீல் உடைத்துக் கதவைத் திறந்தார்கள். மரச்சட்டங்களுக்கு நடுவே ஆள் உயரப் பலகைகள், கதவிலிருந்து கடைசிவரை, ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து நின்றன. மதிய வெயில் உள்ளே விழுந்ததும் மொத்தக் கன்டெய்னரும் பச்சையாக ஒளிர்ந்தது. இரண்டு மாதமாகத் தாளிலேயே பார்த்த சரக்கை அப்போதுதான் முழுசாக நேரில் பார்த்தேன். அழகு என்று சொன்னால் போதாது.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "இத்தன பேரா?"

அதிகாரி முதல் பலகையின் மேல் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டார். மார்பிளாக இருந்தால் சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வரும். நுரைக்கவில்லை. சொட்டு தண்ணீர் மாதிரி ஓடி இறங்கியது. அடுத்த சட்டத்தில் ஒரு சொட்டு, அதற்கடுத்ததில் ஒரு சொட்டு. ஒரு பலகையில் வெள்ளை இழைமேல் மட்டும் பொசுபொசுவென்று கொஞ்சம் பொங்கி அடங்கியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு மறுபடியும் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும் என்று காலைக் கெட்டியாக ஊன்றிக்கொண்டேன்.

அக்கா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. அந்தப் பலகைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க போவுதும்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. "கல்யாண மண்டபத்துக்கு, அக்கா. தரையில போட."

"தரையிலயா? கால்ல மிதிக்கவா?"

காலையில் அவர் கண் கலங்கி நின்றது ஞாபகம் வந்தது. இந்தக் கன்டெய்னர் விடுபட வேண்டும் என்றுதான் நான் அவரை இங்கே அழைத்து வந்திருக்கிறேன், விடுபட்டால் இத்தனையும் செருப்புக் காலின் கீழே போகும். அதிகாரி பாட்டிலை மூடினார்.

அக்கா இடுப்பிலிருந்த அம்மனைக் கொஞ்சம் தூக்கிச் சரிசெய்துகொண்டார். குழந்தைக்குப் பொட்டு கலைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதன் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்.

"அதுங்க கல்லு. இவளுக்குப் பொட்டு வெச்சாச்சி. இவ வேற, அதுங்க வேற."

நான் அதிகாரியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் பாலிஷ் போட்டால் இருபத்தைந்திலிருந்து அறுபத்தெட்டு. பொட்டு வைத்தால் அதற்கும் அப்பால் ஓர் அத்தியாயம். அவருக்கும் அதேதான் ஓடியிருக்க வேண்டும். அந்த முகத்தில் நான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்றைக்கே முடிவு வந்துவிடவில்லை. அவர்கள் முறைப்படி சாம்பிள் எடுத்து, சீல் வைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் நான் எப்படிச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று கேட்காதீர்கள். விளக்கு வைப்பதற்குள் அம்மனை வேப்பமரத்தடிக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். சொன்ன வாக்கு தவறவில்லை. தினமும் ஆபீசுக்குப் போகும்போது அவளைப் பார்த்து, "ரிசல்ட் சீக்கிரம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். கும்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லாமல் போனதில்லை.

முடிவு வந்த அன்று முதலாளி தாளை என்னிடம் நீட்டிவிட்டு, கூடவே இன்னொரு ஃபைலையும் வைத்தார். புதுச் சரக்கு, கையெழுத்து நான்தான் போட வேண்டும் என்றார். தாளைப் படித்தேன். மார்பிள் அல்ல. நான் எழுதிய வரியே சரி. அன்றைக்கு பஸ் ஊருக்கு வெளியே வெள்ளைகேட்டில் நின்றபோது இறங்கி ஓடினால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாமோ என்றுகூடத் தோன்றியது.

அக்கா தறியில் இருந்தார். "ஜெயிச்சிட்டோம்க்கா!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மார்பிள் இல்லன்னு ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கினாங்க!"

"அப்ப இன்னான்னு எழுதினாங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பட்டியலில் மார்பிளுக்கு ஒரு வரி, கிரானைட்டுக்கு ஒரு வரி என்று எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டு, எந்தப் பெயரிலும் வராத கல்லுக்கென்று கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறார்கள். நான் குதித்தது, கத்தினது, மஞ்சள் தண்ணீர் வாங்கினது எல்லாம் அந்த வரிக்காகத்தான்.

"'மற்றவை'ன்னு, அக்கா."

"மத்ததுன்னா?"

"அதாவது, இது எதுலயும் அடங்கலன்னு அர்த்தம்."

அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, நேராக்கி, அடியில் இருந்த கையெழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

"எதுலயும் அடங்க மாட்டான்னு ஆபீசரே கையெழுத்து போட்டுட்டாரா?" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "அவ வேற எப்படிம்மா இருப்பா?"

தாளை என்னிடம் திருப்பித் தராமல் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். விளக்கு வைப்பதற்குள் மூன்று தெருவுக்கும் தெரிந்துவிட்டது, அம்மன் எதிலும் அடங்காதவள் என்று கவர்ன்மென்டே எழுதிக் கொடுத்துவிட்டது என்று. நான் வாசற்படியில் உட்கார்ந்து, அதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று வரி வரியாக யோசித்துப் பார்த்தேன். திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.